தீவுக்குக் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம்னு பாருங்க

கார்த்திகை தீபம் முடிஞ்சு திருவண்ணாமலைக் கூட்டம் கலையறதுக்குள்ள எங்க ஆரணியில டூர் நோட்டீஸ் சுத்த ஆரம்பிச்சுடும். முன்னெல்லாம் சபரிமலை, காசி, ராமேஸ்வரம்னு இருக்கும். இப்ப சில வருஷமா அந்தமான், லட்சத்தீவு, இலங்கை, கையில கொஞ்சம் கூடுதலா இருக்குறவங்களுக்கு சிங்கப்பூர்ல ஏறுற சொகுசுக் கப்பல்னு வந்தாச்சு. சந்தோஷம்தான். ஆனா எல்லா நோட்டீஸ்லயும் ஒரே வரி இருக்கும்: "குளிர்காலமே தீவுகளுக்கு ஏற்ற காலம்". இந்த ஒத்தை வரியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அந்த வரி பாதிதான் உண்மை. தீவு டூருக்குக் குளிர்காலமா கோடைக்காலமான்னு பாக்குறதுல அர்த்தமே இல்ல. பாக்க வேண்டியது காத்து. காத்து எந்தத் திசையில இருந்து வருது, நாம போற கடற்கரை தீவோட எந்தப் பக்கம் இருக்கு? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் தெரியாம பணம் கட்டாதீங்க.

"குளிர்காலம்" அப்படிங்கற பேச்சே நமக்குப் பொருந்தாத பேச்சுங்க. ஐரோப்பாவுல, அமெரிக்காவுல பனி கொட்டுறப்ப வெயில் தேடி ஓடுற ஜனங்களுக்காக உருவான சீசன் அது. அவங்களுக்கு வேண்டியது சூடு. நமக்கு சூட்டுக்கா பஞ்சம்? மார்கழி விடியக்காலையில ஆரணியில கொஞ்சம் பனி விழும், சால்வை போத்திக்குவோம், ஒன்பது மணிக்கு வெயில் வந்தா சரியாப் போயிடும். அந்தமான்லயோ லட்சத்தீவுலயோ அந்தக் குளிர்கூட கிடையாது. டிசம்பர், ஜனவரியிலயும் கடல் தண்ணி 27, 28 டிகிரி இருக்கும். ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போறவங்க சும்மா சுமக்கத்தான் போறாங்க. ஆக, வெப்பநிலை ஒரு பிரச்சினையே இல்ல. அலையும் மழையும்தான் பிரச்சினை. அது ரெண்டையும் முடிவு பண்றது காத்து.

தமிழ்நாட்டுக்கு வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பெய்யுது. வடகிழக்குப் பருவமழை. வங்காள விரிகுடாவுல புயல் சின்னம் உருவாகி, துறைமுகத்துல ஒண்ணாம் நம்பர் கூண்டு, ரெண்டாம் நம்பர் கூண்டுன்னு ஏத்துற சீசன் அது. சரியா அதே கடலுக்குள்ள, அதே மாசத்துல, "ஏற்ற காலம்"னு நம்மள அனுப்பறாங்க. கொஞ்சம் யோசிங்க மக்களே.

சும்மா பயமுறுத்தறேன்னு நினைக்க வேணாம். நடந்ததையே சொல்றேன்.

2016 டிசம்பர் முதல் வாரம். அந்தமான்ல பலத்த மழை, காத்து. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போற படகெல்லாம் நின்னு போச்சு. (2018-ல இருந்து அதுங்களுக்கு சுவராஜ் தீவு, ஷாஹீத் தீவுன்னு பேரு.) ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் அங்கயே மாட்டிக்கிட்டாங்க. கடைசியில கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் கூட்டிட்டு வர வேண்டியதாச்சு. அந்தத் தாழ்வு மண்டலம்தான் பெருசாகி வர்தா புயலா 12-ம் தேதி சென்னையில கரை ஏறி மரத்தையெல்லாம் சாய்ச்சுது. நமக்கு வர்தான்னா சென்னைதான் ஞாபகம் வரும். ஆனா அது சென்னைக்கு வர்றதுக்கு முன்னாடி அரையாண்டு லீவுக்கு முந்தியே கிளம்பிப் போன டூர்க்காரங்களைப் பாத்துட்டுத்தான் வந்துச்சு.

இன்னொண்ணு. நாகப்பட்டினத்துல இருந்து இலங்கை காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-ம் தேதி ஆரம்பிச்சாங்க. எத்தனை வருஷக் கனவு! ஒரு வாரம்கூட ஓடல, பருவமழை வருதுன்னு அந்த சீசனுக்கு நிறுத்திட்டாங்க. மறுபடி 2024 ஆகஸ்ட்ல விட்டாங்க. நவம்பர்ல திரும்ப நிறுத்தினாங்க. 2025 பிப்ரவரியிலதான் மறுபடி ஓடிச்சு. அந்தக் கப்பல்காரங்களை நான் குத்தம் சொல்லல. நிறுத்தினதுதான் சரி. மூணு நாலு மணி நேரப் பயணத்துக்கே கடல் அப்படின்னா, சென்னையில இருந்து அந்தமானுக்கு சுமார் 3 நாள் கப்பல்ல போறவங்க நிலைமை என்ன? வாந்தி எடுத்தே பாதி உயிர் போயிடும்.

தனுஷ்கோடி போனதும் ஒரு டிசம்பர்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி. ஊரு, ஸ்டேஷன், பாம்பன்ல இருந்து வந்துட்டிருந்த ரயிலு, எல்லாத்தையும் கடல் கொண்டு போச்சு. அரையாண்டு லீவுல அங்க போய் இடிஞ்ச சர்ச் முன்னாடி போட்டோ எடுத்துட்டு வர்ற நாம அந்தத் தேதியை மட்டும் மறந்துடறோம்.

சரி, அப்ப டிசம்பர்ல தீவுக்கே போகக் கூடாதான்னு கேட்டா, போகலாம். காத்தைத் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்.

மீனவங்க கிட்ட இதுக்கெல்லாம் அழகான பேரு இருக்குங்க. வடக்குல இருந்து வந்தா வாடை. கிழக்குல இருந்து வந்தா கொண்டல். மேற்குல இருந்து வந்தா கச்சான். யாழ்ப்பாணத்துப் பக்கம் தென்மேற்குக் காத்தை சோளகம்னு சொல்வாங்க. டிசம்பர், ஜனவரியில வீசுறது வாடையும் கொண்டலும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சோளகம், கச்சான். இதை வச்சுக்கிட்டா கணக்கு ரொம்ப சுலபம். வாடை வீசுற மாசத்துல தீவோட மேற்குப் பக்கம் போங்க, சோளகம் வீசுற மாசத்துல கிழக்குப் பக்கம் போங்க. காத்து ஒரு பக்கம் அடிக்கும்போது தீவே சுவரு மாதிரி நின்னு அடுத்த பக்கத்தைக் காப்பாத்தும். அவ்வளவுதான் விஷயம்.

இது எங்கெல்லாம் பொருந்துதுன்னு பாருங்க.

ராமேஸ்வரம் தீவையே எடுத்துக்கோங்க. வடக்க பாக் ஜலசந்திக் கடல், தெற்க மன்னார் வளைகுடா. வாடைக் காலத்துல வடக்குக் கடல் கொந்தளிக்கும், தெற்குக் கடல் கொஞ்சம் அடங்கி இருக்கும். சோளகக் காலத்துல அப்படியே தலைகீழ். அங்க மீனவங்க சீசனுக்குத் தகுந்த மாதிரி படகை இந்தக் கடலுக்கும் அந்தக் கடலுக்கும் மாத்திக்கிறாங்க. ஒரே தீவு, ஒரே மாசம், ரெண்டு கடல்.

லட்சத்தீவுல பெரும்பாலான தீவுகளுக்கு மேற்குப் பக்கம்தான் பவளப்பாறை சூழ்ந்த ஆழமில்லாத உள்கடல் இருக்கு. தீவு கிழக்கு ஓரத்துல உக்காந்திருக்கும். அதனால வாடைக் காலத்துல அந்த உள்கடல் குளம் மாதிரி கிடக்கும். அங்க டூரிஸ்ட் சீசன் அக்டோபர்ல ஆரம்பிச்சு மே வரைக்கும் போறதுக்கு ஒரு முக்கியமான காரணம் இதுதான்.

இலங்கையில டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் காலி, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ பக்கம், அதாவது மேற்கும் தெற்கும் நல்லா இருக்கும். திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா எல்லாம் கிழக்கு. அங்க மே முதல் செப்டம்பர் வரைதான் சரியான காலம். டிசம்பர்ல நிலாவெளிக்கு டூர் போடுறவரு ஒண்ணு மேப்பைப் பாக்காதவரா இருக்கணும், இல்ல உங்க பர்ஸை மட்டும் பாக்குறவரா இருக்கணும்.

மலேசியாவுல கிழக்குக் கரையில இருக்குற ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகள்ல நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பெரும்பாலான விடுதிகளை மூடிடறாங்க. அதே நேரத்துல மேற்குக் கரையில லங்காவி, கொஞ்சம் மேல போனா தாய்லாந்தோட புக்கெட், எல்லாம் வெயிலும் அமைதியுமா இருக்கும். சிங்கப்பூர்ல ஏறுற கப்பல் எந்தப் பக்கம் திரும்புதுன்னு இப்ப கேக்கத் தோணுதா?

கரீபியன் தீவுக் கப்பல்னு இங்கிலீஷ் பத்திரிகையில கலர் கலரா வருதே, அங்கயும் இதே கதைதான். அங்க கிழக்குல இருந்து காத்து வீசிக்கிட்டே இருக்கும். அதனாலதான் கோசுமெல் தீவுல கப்பல் நிக்குற ஊரும், கிராண்ட் கேமன் தீவோட பேர்போன ஏழு மைல் கடற்கரையும் மேற்குப் பக்கம் இருக்கு. ஆனா குளிர்காலத்துல அமெரிக்காவுல இருந்து வாடைக் காத்து திடீர்னு இறங்கினா அந்த மேற்குப் பக்கமும் கொதிக்கும். அப்ப கோசுமெல் துறைமுகத்தை மூடிடுவாங்க. கிராண்ட் கேமன்ல கப்பல்ல இருந்து சின்னப் படகுல இறக்கணும்கறதால, ஜனங்களைத் தீவோட தெற்குப் பக்கம் கொண்டு போய் இறக்குவாங்க. அதுவும் முடியலன்னா கப்பல் நிக்காமலே போயிடும். சூறாவளி சீசன் நவம்பர் 30-ஓட முடிஞ்சாலும் அங்க கடலுக்கு லீவு கிடையாது.

நம்ம ஊரு சொகுசுக் கப்பலே இதுக்கு சாட்சி. மும்பையில இருந்து கோவா, லட்சத்தீவுன்னு ஓடிட்டிருந்த கார்டிலியா கப்பல் 2022 ஜூன்ல சென்னைக்கு வந்துச்சு. 2023 ஜூன்ல காங்கேசன்துறை வரைக்கும் போச்சு. ஏன் ஜூன்? சோளகம் அடிக்கிறப்ப அரபிக்கடல் ஆகாது, இந்தப் பக்கம் பரவாயில்ல. அந்தக் கப்பலே காத்தைப் பாத்துக் கரை மாறுது. டிக்கெட் வாங்குற நாம மட்டும் காலண்டர்ல சிவப்புக் கலர் தேதியைப் பாத்து ஏறுறோம்.

இதுல எனக்கு என்ன வருத்தம்னா, நஷ்டப்படறது யாருன்னு பாக்கும்போதுதான். எங்க தெருவுல தறி நெய்யுற அண்ணன் ஒருத்தர், அவங்க வீட்டுக்காரம்மா, பையன், மருமக. வருஷம் பூரா சீட்டுக் கட்டி எடுத்த பணத்துல ஒரு டிசம்பர்ல அந்தமான் போனாங்க. ஏற்பாடு பண்ணினவரு பேரு வேணாம். ஹேவ்லாக் படகு ரெண்டு நாளா போகல. லாட்ஜ் ரூம்ல உக்காந்து ஜன்னல் வழியா மழையைப் பாத்துட்டுத் திரும்பினாங்க. பணத்தைக் கேட்டதுக்கு "இயற்கை சீற்றம், ரீபண்ட் கிடையாது"ன்னுட்டாங்க. அந்த அண்ணன் கோவப்படக்கூட இல்ல. "கடலைப் பாத்தாச்சுல்ல, போதும் விடுப்பா"ன்னாரு. எனக்குத்தான் மனசு ஆறல.

ஏன்னா, அந்த அண்ணனுக்குத் தெரியாத வானிலையா? பட்டு நெய்யுறவங்களை விட வானத்தைப் பாக்குறவங்க யாரு இருக்கா? பாவை நீட்டிக் கஞ்சி போடணும்னா விடியக்காலையில வெளிய வந்து அண்ணாந்து பாப்பாங்க. மழை வருமா, காத்து ஜாஸ்தியா, இழை அறுந்துடுமான்னு மூணு தடவை யோசிப்பாங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில குழித்தறிக் குழியில ஈரம் ஏறிச்சுன்னா வேலை நிக்கும். எந்தக் காத்துல எந்த வேலை ஆகும்னு அவங்களுக்கு அத்துப்படி. ஒரு பாவுக்கு இவ்வளவு யோசிக்கிற மனுஷனை, நாலு டிக்கெட் வாங்கும்போது மட்டும் "குளிர்காலம் நல்ல காலம்"னு ஒரு வரியில வாயடைக்க முடியுதே, அதுதான் எனக்குப் பொறுக்கல. கேள்வி கேக்கத் தெரியாதவங்க இல்ல நாம. கேக்கலாம்னு யாரும் சொல்லல, அவ்வளவுதான்.

"லீவு எப்பக் கிடைக்குதோ அப்பத்தானே போக முடியும்"னு ஒரு ஞாயமான கேள்வி வரும். வாஸ்தவம்தான். மார்கழியில முகூர்த்தம் இல்ல, சேலைக் கடையில கூட்டம் குறைவு, பசங்களுக்கு அரையாண்டு லீவு. தை பொறந்தா கல்யாண ஆர்டர் நெருக்கும். அதனால நான் ரெண்டு வழி சொல்றேன்.

பசங்க படிக்கிற குடும்பம், டிசம்பர் விட்டா வழியில்லன்னா, மேற்கே போங்க. காட்பாடியில ரயில் ஏறினா எர்ணாகுளம். கொச்சியில இருந்து லட்சத்தீவு. அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்கணும், அதனால தீபாவளிக்கு முன்னாடியே ஆரம்பிங்க. இதுவும் நூத்துக்கு நூறு உத்தரவாதம் இல்லைங்க. 2017 நவம்பர் 30-ம் தேதி குமரிக் கடல்ல கிளம்பின ஒக்கி, அடுத்த ரெண்டு நாள்ல லட்சத்தீவையும் ஒரு உலுக்கு உலுக்கிட்டுத்தான் போச்சு. 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயல் இலங்கையில 600-க்கும் மேற்பட்ட உயிரை வாங்கினப்ப மேற்குக் கரை, கிழக்குக் கரைன்னு எந்தக் கணக்கும் உதவல. புயல் சின்னம்னு சொன்னா திசைக் கணக்கெல்லாம் ரத்து. பெட்டியைப் பிரிச்சுட்டு வீட்ல இருங்க.

பசங்க வளந்தாச்சு, வீட்டுல ரெண்டு பேர்தான்னா, டிசம்பரை விட்டுடுங்க. மாசி மாசம் அந்தமான் போங்க. பிப்ரவரி, மார்ச்ல மழை விட்டிருக்கும், கடல் படிஞ்சிருக்கும், கிறிஸ்துமஸ் கூட்டமும் அந்த விலையும் இருக்காது. எங்க வீட்டுப் பெரியவங்க கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது மூணே மூணு:

1. கடற்கரை தீவோட எந்தப் பக்கம்? ஹேவ்லாக்ல ராதாநகர் மேற்கு, காலாபத்தர் கிழக்கு. பேரைச் சொன்னா மேப்புல அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம்.

2. கப்பல் கரையில அணையுமா, நடுக்கடல்ல நிறுத்திச் சின்னப் படகுல இறக்குவாங்களா? படகுல இறக்குறதா இருந்தா அலை கொஞ்சம் ஏறினாலே அந்தத் தீவு கட்.

3. ஒரு தீவுல நிக்காமப் போனா பணம் என்ன ஆகும்? சொகுசுக் கப்பல் டிக்கெட்ல பொதுவா, கேப்டன் எந்தத் துறைமுகத்தையும் விட்டுட்டுப் போகலாம்னு எழுதியிருக்கும். அதை எழுத்துல காட்டச் சொல்லுங்க. வாய் வார்த்தை வேணாம்.

கரையில இறங்கினப்புறமும் ஒரு விஷயம். நீலக் கொடி வாங்கின கடற்கரைன்னு பெருமையா சொல்வாங்க. ராதாநகர் 2020-ல வாங்குச்சு, மினிக்காய், கட்மத் கடற்கரைங்க 2022-ல வாங்குச்சு. அது சுத்தத்துக்கும் வசதிக்கும் குடுக்குற சான்றிதழ். இன்னிக்கு அலை எப்படின்னு அது சொல்லாது. அதைச் சொல்றது சிவப்புக் கொடி. நம்மூர்க் கிணத்துல தலைகீழா குதிச்சு நீச்சல் கத்துக்கிட்ட பசங்களுக்குக் கடல்ல தைரியம் கொஞ்சம் ஜாஸ்தி. கிணத்துத் தண்ணி இழுக்காது, கடல் இழுக்கும். ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சு நடுவுல மட்டும் அமைதியா தெரியுதே, அந்த இடம்தான் உள்ள இழுத்துட்டுப் போற இடம். மாட்டினா கரையைப் பாத்து நீந்தாம, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும். வானம் தெளிவா இருக்குன்னும் நம்பிட முடியாது. 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டத்துல டாக்டருக்குப் படிச்சிட்டிருந்த 5 பேர் செத்துப் போனது புயல்லயோ மழையிலயோ இல்ல, தூரத்துல இருந்து வந்த அலையில. கள்ளக்கடல்னு பேரு. ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ் அதுக்குன்னே முன்னெச்சரிக்கை வெளியிடுது. கிளம்புற அன்னிக்கு மெட்ராஸ் வானிலை மையத்தோட மீனவர் எச்சரிக்கையையும் இதையும் பாருங்க. மீனவன் போகாத கடல்ல டூரிஸ்ட்டுக்கு என்ன வேலை?

டூர் நடத்துறவங்களுக்கு என் கோரிக்கை ஒண்ணுதான். "குளிர்காலமே ஏற்ற காலம்"னு போடுற இடத்துல, "இந்த மாதத்தில் படகு ரத்தாகலாம், ரத்தானால் இவ்வளவு திருப்பித் தருவோம்"னு ஒரு வரி சேத்துப் போடுங்க. ஆள் குறைஞ்சிடும்னு பயப்படாதீங்க. உண்மையைச் சொல்றவரை நம்பித்தான் அடுத்த வருஷம் தெருவே கிளம்பி வரும். சிறு ஊரு வியாபாரம் அப்படித்தான்.

டிஸ்கி: நாகை, தூத்துக்குடி, ராமநாதபுரம், குமரி, யாழ்ப்பாணம் பக்கத்துப் பதிவர்கள் யாராச்சும் இதைப் படிச்சா, உங்க ஊர்ல காத்துக்கு வழங்குற பேரையும் எந்த மாசம் எந்தக் காத்துங்கறதையும் பின்னூட்டத்துல போடுங்க. ஒரு பட்டியலா சேத்து ஆரணி பஸ் ஸ்டாண்டுல டூர் நோட்டீஸ் ஒட்டுற சுவத்துல, பக்கத்துலயே ஒட்டிடலாம்னு ஒரு எண்ணம் :-)